துரு பேண்டின் நாலாவது ஆள்

உங்கள் சட்டையில் இடது தோள் தையல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது சார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும். ரெடிமேடில் இதெல்லாம் சகஜம். தப்பாக நினைக்காதீர்கள், ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோளைப் பார்ப்பது என் தொழில் புத்தி. ஊசியும் நூலும் இருந்தால் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுவேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

நான் வீட்டிலேயே தைக்கிறவள். புதுத் துணி குறைவு. பிடிப்பது, பிரிப்பது, ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது என்று ஆல்ட்டர் வேலைதான் அதிகம். ஆல்ட்டர் செய்கிறவளுக்குத் தெரியாத சங்கதி ஒரு தெருவில் இருக்க முடியாது. யாருக்கு இளைக்கிறது, யாருக்கு ஊதுகிறது, எந்த வீட்டுக்காரர் பாக்கெட்டில் எந்த ஓட்டல் சீட்டு கிடக்கிறது, எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். நான் யாரையும் தேடிப் போய்க் கேட்டதில்லை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். முழங்காலில் உட்கார்ந்து ஓரம் மடிக்கிறவளிடம் ஜனங்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அவள் கீழே இருக்கிறாள் அல்லவா, அந்த தைரியம். தெருவில் இதற்கு வம்பு என்று பெயர். வம்பு பேசாதே என்று எனக்கு புத்தி சொன்னவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டு வம்பைக் கேட்டு முடித்த பிறகுதான் சொன்னார்கள்.

என் தையல் அறைக்கும் அடுத்த வீட்டுக் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒற்றைச் செங்கல். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு" என்பேன். அந்த ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததில்லை. மூன்று பேர் நின்றார்கள். 'துரு' என்று ஒரு பேண்ட்.

பாடி, கிட்டார் வாசிப்பவனுக்கு நான் வைத்த பெயர் தகரம். தகரக் கூரையில் ஆணியால் கீறினால் ஒரு சத்தம் வருமே, அதுதான் அவன் குரல். பகலில் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை. டிரம்ஸ் அவன் தம்பி. பார்சல் வேன் ஓட்டுகிறவன், வேன் ஓட்டுகிற மாதிரியேதான் டிரம்ஸும் வாசிப்பான், பிரேக் பிடிக்க மாட்டான். மூன்றாவது ஆள் பேஸ் கிட்டார். ஊமைக்கோட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். அங்கே எப்படி வாயைத் திறந்தானோ, எனக்கு ஒரு "வணக்கம்" சொல்லவே அவனுக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது.

ஆரம்பத்தில் அது சங்கீதம் என்றே எனக்குத் தெரியாது. கிட்டார் கம்பியைத் தளர்த்திவிட்டு, ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்க, பூனை மாதிரி முனகலில் ஆரம்பிக்கும். சரி, அடங்கிவிட்டது என்று ஊசியில் நூல் கோக்கப் போவேன். திடீரென்று மூன்று பேரும் ஒன்றாக மேலே விழுவார்கள். நூல் எங்கோ, ஊசி எங்கோ. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒட்டடைக் கம்பை எடுத்துச் சுவரில் தட்டினேன். இரண்டு தட்டு நெருக்கமாக, ஒன்று கொஞ்சம் தள்ளி. டம் டம், டம். அப்படித் தட்ட வேண்டும் என்று யோசித்துத் தட்டவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கை வலித்தது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு சார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் பதிவு மெஷினைப் போட்டுவிடுவார்கள், கிளம்பும்போதுதான் நிறுத்துவார்கள். நல்லது எப்போது வரும் என்று தெரியாதாம். என் தட்டும் அதில் விழுந்துவிட்டது.

முதல் ஆல்பம் வந்ததும் தகரம் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். 'பக்கத்துச் சுவர்' என்று பெயர். அட்டையில் என் சுவர்.

"அக்கா, அஞ்சாவது பாட்டைக் கேளுங்க. நடுவுல நாங்க நிறுத்திருப்போம்."

"நிறுத்தற பழக்கம்கூட உண்டா உங்களுக்கு?"

"கேளுங்கக்கா."

கேட்டேன். எல்லாம் நின்று போகிற ஒரு இடம். அந்த மௌனத்தில் டம் டம், டம். அதைப் பிடித்துக்கொண்டு தம்பி டிரம்ஸில் இறங்குகிறான், பிறகு கிட்டார், பிறகு அந்தக் குரல். என் ஒட்டடைக் கம்பு இல்லாவிட்டால் அந்தப் பாட்டு எழுந்தே நிற்காது.

"அந்த இடத்துக்குத்தான் எல்லாரும் கத்தறாங்க. நீங்க எங்க பேண்டுல நாலாவது ஆள்க்கா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

அவன் மறந்திருப்பான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நான் போடுகிற சத்தத்துக்கு மறுசத்தம் கிடையாது. மெஷினை நிறுத்தினால் வீடும் நின்றுவிடும். அப்படிப்பட்டவளிடம் போய் யாராவது நாலாவது ஆள் என்று சொல்வார்களா? விளையாட்டுக்குச் சொல்லுகிறவர்கள் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நான் எப்போது தட்டினாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். தம்பி குச்சியால் தட்டுவான். டம் டம், டம். மேடையில்கூட அந்த இடம் வந்தால் ஜனங்கள் காலால் தட்டுவார்களாம். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் என் கை வலியைக் காலால் தட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தகரத்துக்குக் கல்யாணம் ஆனது. பெண் பல் டாக்டரிடம் உதவியாளர். நல்ல பெண், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் ஊசி. பாட ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவான். அவள் வந்த பிறகு ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு டாஃபி டப்பா எப்போதும் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "முகம் வெளுக்குது, ஒண்ணு வாயில போடுங்க" என்பாள். முகத்தில் உலகத்தையே வெறுக்கிற கோபத்தோடு பாடுகிற ஆள், கன்னத்தில் டாஃபியை அடக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போவான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த உறிஞ்சல்கூடக் கேட்கும்.

கோபம் போய்விட்டது சார். அதுதான் விஷயம். வயிறு நிறைந்தவனுக்கு எதற்குக் கோபம்? இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு கம்பெனி வந்தது. கண்ணாடி போட்ட பெரிய ஸ்டுடியோ. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றார்களாம். ஸ்பீக்கர் கிழிசலை மாற்றினார்கள். கூட ஒரு பியானோ, செல்லோ என்று ஆள் உயரத்துக்கு ஒரு வயலின். ஷெட்டில் பழகும்போது சத்தம் வெளியே போகக் கூடாது என்று என் சுவரில் பழைய மெத்தைகளை அறைந்தார்கள். ஆல்பத்தின் பெயர் 'ஜன்னல்'. துவைத்து இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வளர்ச்சி என்று எழுதினார்கள். நான் கம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மெத்தையில் விழுந்து செத்தது. பதில் இல்லை.

அவர்கள் ஷெட்டின் சட்டம் ஒன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் முன்னொரு காலத்தில், அப்பா விட்டுப்போன வீட்டு விஷயமாக அந்த ஷெட்டுக்குள்ளேயே பேசி, பேச்சு முற்றி, தம்பி ஓங்கிய நாற்காலியில் அண்ணன் விரல் முறிந்ததாம். அன்றைக்குப் பெயிண்ட் கடையிலிருந்து சிவப்பு டப்பா கொண்டுவந்து சுவரில் எழுதினார்கள்: 'பேசாதே. வாசி.' மனத்தில் என்ன இருந்தாலும் வாயால் கேட்கக் கூடாது, பாட்டில் கொட்ட வேண்டும். மற்ற இரண்டு பேரும் என்ன ஏது என்று கேட்காமல் கூட வாசிக்க வேண்டும். அழகான சட்டம் என்று பேட்டிகளில் எல்லாம் சொல்லிக்கொண்டார்கள். இப்படி ஒரு சட்டத்தை எழுதி மாட்டிவிட்டு, ஒற்றைச் செங்கலுக்கு இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆல்பம் வெளிவரப்போகிற சமயத்தில் அந்தப் பெண் இரண்டு ஸ்கர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள், இடுப்பைப் பிரித்துவிட வேண்டும் என்று. நான் டேப்பைச் சுற்றினேன், அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சரியா ரெண்டு விரல் விடவா, இல்ல போகப் போகப் பிரிக்கற மாதிரி மடிச்சு வைக்கவா?" என்றேன்.

"ஐயோ அக்கா, உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா" என்று வெட்கப்பட்டாள். "அவருகிட்ட இன்னும் சொல்லல. ஆல்பம் வர்ற அன்னிக்கு மேடையிலயே சொல்லப் போறேன். கொழுந்தனுக்கு மட்டும் தெரியும். அவர்தான் வேன்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனார். நீங்க மூச்சு விடாதீங்க."

"என் வாயில எப்பவும் குண்டூசிதானேம்மா இருக்கு" என்றேன்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மறுவாரம் தகரம் ஒரு ஜீன்ஸ் கொண்டுவந்தான். முழங்காலில் இரண்டு பக்கமும் கிழிசல்.

"தைக்க வேண்டாம்க்கா. கிழிசல் இன்னும் பெருசாகாம மட்டும் பாத்துக்கங்க."

"கிழிஞ்சதைக் கிழிஞ்சபடியே காப்பாத்த நான் தையல் படிச்சேன் பாரு" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அடுத்த ஆல்பத்தில் புல்லாங்குழலே வந்துவிடும் என்று தோன்றியது. சும்மா கொஞ்சம் நூல் விட்டுப் பார்த்தேன்.

"உன் தம்பி மாதிரி ஒருத்தன் அமையக் குடுத்து வச்சிருக்கணும்ப்பா."

"ஏன்க்கா, என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அவனுக்கு உன்னைவிடச் சந்தோஷம். அன்னிக்கு வேன்லேர்ந்து இறங்கறப்பப் பாக்கணும், அப்படி ஒரு கைத்தாங்கலாப் பிடிச்சுட்டு."

"யாரை?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவளா சொல்வா. முந்திச் சொன்னா எனக்குத்தான் கெட்ட பேரு."

ஒரு சொல் பொய்யா? சந்தோஷம் உண்மை. வேன் உண்மை. கைத்தாங்கல் உண்மை, அன்றைக்கு மழை, படி வழுக்கும். அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் கிழிசலைச் சுற்றி ஓரம் கட்டினேன்.

மேடையில் அவள் மைக்கைப் பிடித்துச் சொன்னபோது ஜனங்கள் ஆரவாரம் செய்தார்களாம். அவன் "தெரியும்" என்றானாம், அவ்வளவுதான். மறுநாள் என்னிடம் வந்து அழுதாள். "எப்படிக்கா தெரிஞ்சுது? கொழுந்தன்தான் சொல்லிருக்கணும். அவர்கிட்டப் போயி நம்பிச் சொன்னேன் பாருங்க." நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "யாரு கண்டா" என்றேன். கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். எனக்கு இரண்டு கையும் நன்றாக வேலை செய்யும்.

அவன் தம்பியைக் கேட்டிருந்தால் அந்தச் சந்தேகம் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். "அண்ணி தலை சுத்துதுன்னாங்க, கூட்டிட்டுப் போனேன்" என்று அவன் சொல்லியிருப்பான். அதோடு என் கதையும் முடிந்திருக்கும். ஆனால் சுவரில் சிவப்பாக எழுதி வைத்திருக்கிறதே. தகரம் கேட்கவில்லை. மெத்தைகளைப் பிய்த்து எறிந்தான். ஸ்டுடியோ வேண்டாம் என்றான். கிழிந்த பழைய ஸ்பீக்கரையே மறுபடி மாட்டி, கம்பிகளை முன்னைவிடத் தளர்த்தினான். பழைய கோபம் ஓடுகிற கோபம் சார். இது உட்கார்ந்துவிட்ட கோபம். பாட்டுகள் மெதுவாயின. ஒரு தந்தியைத் தட்டிவிட்டு அது தேய்ந்து சாகிற வரைக்கும் காத்திருப்பான், பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளிகளில் நான் தட்டினேன். தட்டினால் அந்தப் பக்கம் எல்லாம் நின்று, என் தட்டைச் சுற்றி மறுபடி கட்டுவார்கள். அந்த மூன்றாவது ஆல்பத்துக்கு 'தாழ்ப்பாள்' என்று பெயர். அதில் நான் ஒரு பாட்டில் அல்ல, பல பாட்டுகளில் இருக்கிறேன். போட்டுக் காட்டினால் எந்தெந்த இடம் என்று விரலை வைத்துச் சொல்வேன்.

அதில் ஒரு பாட்டின் தலைப்பு 'கைத்தாங்கல்'. என் சொல். அந்தப் பாட்டுக்கு வாரக்கணக்கில் தம்பிதான் டிரம்ஸ் வாசித்தான், அது தன்னைப் பற்றியது என்று தெரியாமல். சட்டப்படி கேட்கக் கூடாது, அவனும் கேட்கவில்லை. பிரேக் பிடிக்காத பயல் அந்தப் பாட்டுக்கு மட்டும் அவ்வளவு அடக்கமாக வாசித்தான், அண்ணன் ஏதோ துக்கத்தில் இருக்கிறானே என்று. அதுதான் இதுவரை வந்ததிலேயே சிறந்த பாட்டு என்று எழுதினார்கள். முதிர்ச்சியாம். பக்குவமாம். நான் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். கோட்டு தைத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்?

பிறகு மூன்று பேரும் சேர்ந்து போன ஒரு ரேடியோ பேட்டி. நான் காலர் பிரித்துக்கொண்டே கேட்டேன். 'கைத்தாங்கல்' யாரைப் பற்றியது என்று ஒரு பெண் கேட்டாள். தகரம் சிரித்தான், அது பழைய சிரிப்பு இல்லை. "வேன் ஓட்டறவங்களுக்குப் புரியும்" என்றான். ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், கதவு, பிறகு விளம்பரம். தம்பி அதோடு ஷெட்டுக்கு வரவில்லை. டிரம்ஸ்கூட அங்கேயே கிடந்தது. ஊமைக்கோட்டான் எப்போதாவது வந்து தனியாக ஒரு மூலையில் வாசித்துவிட்டுப் போவான்.

அந்தப் பெண்ணும் தாங்கிப் பார்த்தாள். அவன் படுக்கையை ஷெட்டுக்கு மாற்றிக்கொண்டான். கேட்டால் பதில் இல்லை, வாசிப்பான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் ஒரு கிட்டாரோடு சண்டை போடுவாள்? அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று பையோடு என்னிடம் வந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நீங்கள் அவளையும் கேட்டிருப்பீர்கள்.

"அக்கா, அவருக்குச் சர்க்கரை இறங்கினா நாக்கு குழறும், எழுந்து நடக்க வராது. போன் எடுத்துப் பேசவும் வராது. சுவத்துல தட்டச் சொல்லிருக்கேன். உங்க தட்டுதான், அவருக்கு அது மறக்காது. கேட்டா ஓடிப் போயி ஒண்ணு வாயில வச்சுடுங்க. அங்க இருக்கற டப்பாவைக் காலி பண்ணிட்டு நிரப்ப மாட்டார், அதனால ஒண்ணு உங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன். இது ஷெட் சாவி."

"நான் எங்கம்மா போகப்போறேன், சுவத்தோட சுவரா இங்கதானே கிடக்கறேன். நீ தைரியமாப் போ" என்றேன். சாவியைத் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். டப்பாவைப் பட்டன் டப்பாக்களோடு வைத்தேன். கைக்கு எட்டுகிற தூரம். உட்கார்ந்தபடியே எடுக்கலாம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவன் மட்டும் அந்தப் பக்கம். மறுபடி மாறிவிட்டான் சார். கிழிந்த ஸ்பீக்கரை இணைக்காமல் வெறும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான். தகரம் தகரமாகவே இல்லை. மனிதக் குரல். ஒருநாள் சாயங்காலம் பட்டன் தைக்க ஒரு சட்டையைக் கொண்டுவந்தவன், நானாகக் கேட்காமலேயே சொன்னான்.

"நாலாவது ஆல்பம் இப்படித்தான்க்கா இருக்கும். டிரம்ஸ் கிடையாது, தட்டு கிடையாது. மன்னிப்புக் கேக்கற பாட்டு. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். நாளைக்குத் தம்பி வர்றான். அந்தச் சுவத்துல எழுதினதை அழிச்சுட்டேன். நேருக்கு நேரா கேட்டுடப் போறேன்."

"என்னன்னு கேப்பே?"

"யாரு என்ன சொன்னாங்க, நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன், எல்லாத்தையும்."

பட்டனை இறுக்கித் தைத்துக் கொடுத்தேன்.

அதற்காகத்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவர்கள் பேசினால் நடுவில் நின்றவள் யார் என்று தெரிந்துவிடும், அந்தப் பயம். எழுதிக்கொள்ளுங்கள், ஊர் நம்பும், கேஸும் நிற்கும். நானும் கொஞ்ச காலம் அதையே நம்பிப் பார்த்தேன், பயத்தில் செய்தது என்றால் மனசுக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று. ஆனால் அவன் போன பிறகு என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது அது அல்ல. தட்டு கிடையாது என்றான் பாருங்கள், அதுதான்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. சுவரில் சத்தம். டம் டம், டம்.

நான் மெஷினை நிறுத்தினேன்.

மறுபடி. டம் டம், டம். இந்தத் தடவை மூன்றாவது கொஞ்சம் தாமதம்.

புதுப் பாட்டு என்று நினைத்தேன். மனசு மாறிவிட்டான், தட்டைச் சேர்த்துக்கொண்டான் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து முதலில் தட்டு வந்ததே இல்லை. நான் தட்டுவேன், அவர்கள் பதில் கொடுப்பார்கள். இன்றைக்கு அவனாக ஆரம்பிக்கிறான். எழுந்தேன். ஆணிக்குப் பக்கத்தில்தான் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. கம்பை எடுத்துப் பதில் தட்டினேன்.

அந்தப் பக்கம் உடனே தட்டினான், வேகமாக. நானும் வேகமாகத் தட்டினேன். அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது, 'தாழ்ப்பாள்' ஆல்பத்தில் வருகிற மாதிரி. நான் அவசரப்படவில்லை. அவனுக்கு இடம் கொடுத்தேன். வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை வேண்டும். கடைசியில் ஒரே ஒரு தட்டு, கையால் தட்டியதா, தலை சாய்ந்ததா தெரியாது. நான் மூன்றாக முடித்துக் கொடுத்தேன். அவன் முறைக்காகக் காத்திருந்தேன். பிறகு உட்கார்ந்து மிச்சமிருந்த பட்டன் துளைகளைப் போட்டு முடித்தேன். தையல் கொஞ்சமும் கோணவில்லை. அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, கொடுக்க மனசு வரவில்லை.

தேநீர் நேரத்துக்குத் தம்பி வந்தான். ஷெட் கதவைத் தட்டினான், கூப்பிட்டான், பிறகு என்னிடம் வந்தான். "அக்கா, அண்ணி உங்ககிட்டச் சாவி குடுத்தாங்களாமே" என்றான். சாவியை எடுத்துக் கொடுத்தேன். கூடவே டாஃபி டப்பாவையும் எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று நீங்கள் இதில்தான் பிடித்தீர்கள். அவன் சாவி மட்டும்தானே கேட்டான், டப்பாவை ஏன் கொடுத்தீர்கள் என்று. ரொம்ப நேரம் யோசித்தேன் சார். கை தானாக எடுத்தது. வாய்க்குக் கடிவாளம் போட்டுப் பழகியவள் நான், கைக்குப் போடவில்லை.

ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றேன். ஒன்று சொன்னேன். அடக்கம் முடிந்த அன்று அந்தப் பெண் நிறை வயிற்றோடு என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க அப்ப வீட்ல இல்லையாக்கா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. நான் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான், அதனால் நான் இருந்திருக்க முடியாது, அவ்வளவு நம்பிக்கை. "பட்டன் கடைக்குப் போயிருந்தேன்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "உங்களைத்தான்க்கா நினைச்சுட்டுப் போனேன், நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் கை பட்ட இடம் இன்னும் சுடுகிறது. பிறக்கப்போகிற குழந்தைக்கு நாலு சட்டை தைத்தேன். நாலையும் பிரித்துவிட்டேன்.

பட்டன் கடைப் பொய்யை வைத்துக்கொண்டே நான் செத்திருப்பேன். ஊமைக்கோட்டான்தான் விடவில்லை. ஷெட்டில் பதிவு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது என்று அவனுக்குத்தான் நினைவு வந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் கேட்டானாம். பிறகு உங்களிடம் கொண்டுவந்தான். வாயே திறக்காதவன் இங்கே ஒரு வார்த்தை சொன்னானாமே, "ரெண்டு பேர் தட்டறாங்க" என்று. கணக்கு வாத்தியார் அல்லவா. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். என் சுவரைக் கேட்க ஒரு ஆள் இருந்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நேற்று நீங்கள் அதைப் போட்டுக் காட்டியபோது எழுந்து தண்ணீர் கேட்டேன். நெஞ்சு அடைத்தது என்று நினைத்தீர்கள். ஆமாம், அடைத்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் நான் கொஞ்சம் முந்திவிட்டேன் என்பதையும் கவனித்தேன். உங்களிடம் மறைக்கக் கூடாது.

புதுப் பாட்டு என்றுதானே நினைத்தீர்கள், அப்படியானால் அந்தப் பக்கம் கிட்டார் கேட்டதா என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. கிட்டார் இல்லை. குரல் இல்லை. முதல் தட்டிலேயே எனக்குத் தெரியும். சாவி கண்ணுக்கு நேரே தொங்கியது. நான் அதைத் தாண்டிக் கையை நீட்டிக் கம்பை எடுத்தேன்.

டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. அந்தப் பாட்டில் வேறு யாருமே இல்லை சார். அவனும் நானும் மட்டும்தான்.